நீலம் என்றால் எந்த நீலம்?

2011. சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு பழைய தொழிற்கூடம், இரண்டாம் மாடி. கரண்டைக் கிளை கிளையாகப் பிரித்துவிடும் டிபி பாக்ஸின் முன்மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தேன். உள்ளே பல வருஷத் தூசு. ஒயர்களின் மேல்தோல் மங்கியிருந்தாலும் நிறம் தெரிந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. என் கண்ணுக்கு நேராக நீல ஒயர். ‘நீலம் நியூட்ரல்’, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர் என்று மனசு சொன்னது. கட்டிங் பிளேயரோடு கை உள்ளே போனது.

“ஓய்! ஓல்ட் பில்டிங் லா! ப்ளூ நாட் நியூட்ரல்!”

என்னோடு வேலை பார்த்த சீன அங்கிள் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். ஒன்றும் பேசாமல் தன் டெஸ்டரை எடுத்து அந்த நீல ஒயரின் முனையில் வைத்தார். விளக்கு எரிந்தது. 230 வோல்ட். நான் அணைத்திருந்தது வேறொரு கிளை. இந்தப் பக்கத்துக்கு மெயினிலிருந்து கரண்ட் வந்துகொண்டேதான் இருந்தது. அது நியூட்ரலாகவே இருந்திருந்தாலும் கரண்ட் போன பிறகுதான் தொட வேண்டும் என்பது பாலபாடம். நிறத்தை நம்பியதால் அந்தப் பாடத்தையும் விட்டுவிட்டேன்.

எப்படி அந்தத் தவறு நடந்தது என்று விளக்கிச் சொல்கிறேன். இந்த வேலைக்கு ஊரிலிருந்து வரும் தம்பிகள் பலர் இதே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். நான் பட்டுக்கோட்டைப் பக்கம். ஐடிஐயில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஆர், ஒய், பி. ரெட், யெல்லோ, ப்ளூ என்ற மூன்றும் ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர்கள்; கறுப்பு நியூட்ரல். ஸ்கில் டெஸ்ட் முடித்து 2010இல் சிங்கப்பூர் வந்தேன். இங்கே அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒயர் நிறங்களை மாற்றியிருந்தார்கள். 2009 முதல் புது ஒயரிங்கில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆகியவை மூன்று ஃபேஸ்கள், நீலம் நியூட்ரல். ஊரில் எது உயிரை வாங்குமோ அந்த நிறம் இங்கே நியூட்ரல். ஊரில் நியூட்ரலாக இருந்த கறுப்பு இங்கே ஃபேஸ்.

முதல் ஒரு வருஷம் புது அடுக்குமாடி சைட்டில் வேலை. தினமும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் முடிந்து ஏணி ஏறும்போது ‘நீலம் நியூட்ரல், நீலம் நியூட்ரல்’ என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஊர்ப் பாடத்தை அழித்து இதை ஏற்ற அத்தனை மாதம் பிடித்தது. ஏறி உட்கார்ந்த பிறகு என்னை அந்தப் பழைய தொழிற்கூடத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டடமோ 2009க்கு முந்தையது. அங்கே நீலம் பழையபடி ஃபேஸ். என் ஊர்ப் பாடமே அங்கே சரி. ஆனால் அதை நான் மெனக்கெட்டு மறந்திருந்தேன்.

அன்று இரவு டார்மெட்ரியில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு, சம்பளக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘ப்ளூ’ என்று தலைப்புப் போட்டு ஒரு கோடு இழுத்தேன். கீழே இரண்டு வரி: ‘2009க்கு முன் கட்டியது: ஃபேஸ். பின் கட்டியது: நியூட்ரல்.’ அந்தப் பக்கம் அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இன்று அது நான்கு பக்கம் ஓடியிருக்கிறது.

மின்வேலைக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக. பெட்டியைத் திறக்கும் முன்பே கட்டடத்தின் வயதைக் கேளுங்கள். பழைய கட்டடத்தில் புதுக் கிளை இழுத்திருந்தால் ஒரே பெட்டிக்குள் இரண்டு நிறமுறையும் இருக்கும். மிக ஆபத்தான பெட்டி அதுதான், ஏனென்றால் அங்கே ஒரு நீலம் ஃபேஸ், அடுத்த நீலம் நியூட்ரல். நிறத்தை விட்டுவிட்டு முனையில் எழுதியிருக்கும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள்: ‘எல்1’, ‘எல்2’, ‘எல்3’ ஃபேஸ்கள், ‘என்’ நியூட்ரல். எழுத்து இல்லையென்றால் சோதித்துப் பார்த்து நீங்களே எழுதி ஒட்டுங்கள். அணைத்தபின் பூட்டுப் போட்டு டேக் மாட்டுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு நீங்கள் தொடப்போகும் ஒயரில். பிறகு மறுபடி அந்தத் தெரிந்த இடத்தில். கெட்டுப்போன டெஸ்டரும் ‘கரண்ட் இல்லை’ என்றுதான் காட்டும். மூன்று தடவை வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி போன்ற சாமான்களின் ஒயரில், சுவருக்குள் பழைய நிறங்கள் இருந்த காலத்திலேயே, பழுப்பு லைவ் (ஃபேஸ்தான்), நீலம் நியூட்ரல் என்று வந்துவிட்டது. மூன்று பின் பிளக்கைத் திறந்து, எர்த் பின் மேலே இருக்கும்படி பிடித்தால் நீலம் இடப்பக்கம், ஃபியூஸ் இருக்கும் வலப்பக்கம் பழுப்பு. இதை மறக்காமல் இருக்க அந்த அங்கிள் சொல்லித் தந்த வழி இது. ஆங்கிலத்தில் ‘ப்ளூ’வின் இரண்டாம் எழுத்து எல், அது லெஃப்ட். ‘பிரவுன்’ என்பதன் இரண்டாம் எழுத்து ஆர், அது ரைட். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எனக்கு இது தப்பியதே இல்லை. சுவர் ஒயரிங்கில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அதற்கு இங்கே எல்இடபிள்யூ எனப்படும் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும்.

என் நோட்டில் அடுத்த பதிவு ஒயரைப் பற்றியதல்ல. இன்றைக்கும் அதை வாசித்தால் மனசு கனக்கிறது.

எங்கள் சைட் ஆபீசில் ஒரு மலாய் அக்கா இருந்தார். எல்லோரும் அவரைக் காக்கா என்போம், மலாயில் அக்கா என்று பொருள். பெர்மிட் தாள், லெவி, கிளினிக் சீட்டு எல்லாம் அவர் கையில்தான். எனக்குப் படிவம் நிரப்பத் தெரியாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர். ஒரு நாள் மதியம் சைட் வாட்சப் குழுவில் ‘ஃபீலிங் ப்ளூ டுடே’ என்று போட்டார். எனக்கு அந்த வயதில் தெரிந்த ஒரே ‘ப்ளூ’ ஊரில் போஸ்டர் ஒட்டும் தியேட்டர்களோடு சேர்த்துச் சொல்லும் ப்ளூ. ஒரு பெண் பொதுக்குழுவில் இப்படியா எழுதுவார் என்று திகைத்துப் போனேன். என்ன பேசுவது, எப்படி முகம் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் ஆபீஸ் பக்கமே போகவில்லை. கையெழுத்து வாங்க வேண்டிய தாளைக்கூட வேறொருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் எங்கள் ஃபோர்மேன் அண்ணன் சொன்னார்: “காக்காவோட அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கடா. எல்லாரும் போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்தோம். நீ மட்டும்தான் போகல. அவங்களே கேட்டாங்க உன்ன.”

ஆங்கிலத்தில் ஆளைச் சொல்லி ‘ப்ளூ’ என்றால் மனம் சோர்ந்திருக்கிறது, துக்கமாக இருக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசைக்கு ப்ளூஸ் என்று பெயர் வந்ததும் இந்தப் பொருளில்தான். படத்தோடு சேர்ந்தால் ஒன்று, ஆளோடு சேர்ந்தால் இன்னொன்று. எனக்கு உதவி செய்தவருக்கு என் ஆறுதல் தேவைப்பட்ட நேரத்தில் நான் விலகி நின்றேன். நான்காம் நாள் போய் மன்னிப்புக் கேட்டேன், காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, இனிமேல் யாராவது அப்படி எழுதினால் ‘ஆர் யூ ஓகே?’ என்று மட்டும் கேள், அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்த ஒரு கேள்வி தப்பாகப் போகாது என்றார். அப்படியே செய்துவருகிறேன். இதைப் படிக்கும் நீங்களும் செய்யுங்கள். புரியாத சொல்லைக் கண்டு ஆளை விட்டு விலகாதீர்கள்.

நம் தமிழில் சோகத்துக்கு இந்த நிறம் கிடையாது. நீலிக்கண்ணீர் என்கிறோம், அது பழையனூர் நீலி கதையிலிருந்து வந்தது, அழுகை பொய் என்பதுதான் அங்கே பேச்சு. ஆனால் ‘நீலம் பாரித்தல்’ இரண்டு மொழியிலும் ஒன்றே. பாம்பு கடித்து உடம்பு நீலம் பாரித்துவிட்டது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல் ஒரு தடவை கை கொடுத்தது. சைட்டில் ஒருவர் மயங்கி விழுந்தார், 995க்கு அழைத்தேன். மறுமுனையில் கேட்ட கேள்விகளில் ஒன்று, உதடு ப்ளூவாக இருக்கிறதா என்பது. இதை ஒரு நொடியும் யோசிக்காமல் புரிந்துகொண்டேன். நம் போன்ற கறுத்த தோலில் இது முகத்தில் சரியாகத் தெரியாது. உதட்டின் உள்பக்கம், நாக்கு, நகத்தின் அடி இவற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூச்சுக்காற்று போதவில்லை என்பதற்கு அது அடையாளம். அவர் பிழைத்து, இப்போது ஊரில் இருக்கிறார்.

இனி உள்ளூர்ப் பேச்சு. அடிபட்ட இடம் கன்னிப்போனால் இங்கே ‘ப்ளூ பிளாக்’ என்பார்கள். லாரியிலிருந்து இறங்கும்போது வழுக்கியவரைப் பார்த்து “லெக் ப்ளூ பிளாக் ஆல்ரெடி” என்றால், கால் கன்னிப்போய்விட்டது என்று பொருள். பேச்சில் சரி. விபத்து அறிக்கையில் எழுதும்போது ‘புரூயிஸ்’ என்று எழுதுங்கள். நான் முதலில் ‘ப்ளூ பிளாக்’ என்றே எழுதி, தலைமை அலுவலகத்திலிருந்து ‘மை கொட்டியதா?’ என்று கேட்டு அறிக்கை திரும்பி வந்தது. பள்ளியில் ப்ளூ பிளாக் மையால் எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். அடுத்தது ‘ப்ளர்’. “வை யூ சோ ப்ளர்?” என்று கேட்டால் அது நிறமே இல்லை, தெளிவில்லாமல் விழிக்கிறாய் என்கிறார்கள். சோத்தோங் மாதிரி ப்ளர் என்றும் சொல்வார்கள், சோத்தோங் என்றால் கணவாய். புதிதாக வந்தவர் காதுக்கு ப்ளூவும் ப்ளரும் ஒன்றாகவே விழும். மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

அடையாள அட்டை. குடியுரிமை பெற்றவர்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். அதனால் இங்கே இரண்டு தமிழர் சந்தித்துக் கொஞ்சம் பழகியதும் “அண்ணே, நீங்க பிங்க்கா ப்ளூவா?” என்று கேட்டுவிடுவார்கள். எனக்கு ப்ளூ கிடைத்த நாளில் மனைவியும் நானும் அந்த அட்டையை மேசை மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெருமிதத்தோடுதான் அடுத்த வாரம் மகளைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் “ப்ளூவா, ஆரஞ்சா?” என்றார். ப்ளூதான் என்று சொல்லி அடையாள அட்டையை நீட்டினேன். அவர் கேட்டது சாஸ் அட்டை. குடும்ப வருமானத்தைப் பார்த்து மருத்துவச் சலுகை தரும் அட்டை அது, நிறத்துக்கேற்பச் சலுகை மாறும், குடிமக்களுக்கு மட்டும். பின்னால் வரிசை நின்றது. காய்ச்சலில் இருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முழுக் கட்டணத்துக்குப் பணம் போதுமா என்று பர்ஸைத் துழாவினேன். நிறம் சொல்லிக் கேட்டால், எந்த அட்டையின் நிறம் என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தக் கவுண்டரில் உட்காரும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அட்டையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

கீழ்த்தளத்தில் நிற்கும் ப்ளூ பின் மறுசுழற்சிக்கு. சாப்பாட்டு மிச்சத்தை அதில் போட்டால் உள்ளே இருக்கும் தாளும் அட்டையும் எல்லாம் வீண்.

நிறப்பெயர் ஆங்கிலத்தில்தான் குழப்பும் என்றில்லை. 2018இல் அம்மா இங்கே வந்திருந்தார். தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு, பிடோக் ரிசர்வாயரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தனியாக ரயிலில் வருவதாகச் சொன்னார். லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன: வடகிழக்கு, டௌன்டவுன். எங்களுக்கு வேண்டியது டௌன்டவுன், அதன் நிறம் நீலம்; மற்றதன் நிறம் பர்ப்பிள். என் மனைவி போனில் “ஊதா லைன்ல ஏறிடாதீங்க அத்தே” என்றாள். அவள் சொன்ன ஊதா, இங்கே பிள்ளைகளின் தமிழ்ப் பாடநூலில் இருக்கும் ஊதா, அதாவது பர்ப்பிள். அம்மாவுக்கோ, எங்கள் ஊர்ப் பக்கம் பலருக்கும் போல, ப்ளூவைத்தான் ஊதா என்று சொல்லிப் பழக்கம். சொன்னபடி கேட்டு நீலத்தை ஒதுக்கிவிட்டு மற்றதில் ஏறி, போத்தோங் பாசிரில் இறங்கி நின்றார். கையில் முருங்கைக்காய்க் கட்டு. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். “ஊதா வேணாம்னா, நான் எப்படிப்பா ஊதாவுல ஏறுவேன்?” அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து பெரியவர்களுக்கு வழி சொல்லும்போது நிறத்தைச் சொல்வதில்லை. நிலையத்தின் எழுத்தையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நோட்டில் சுருக்கமாக முடிந்தவையும் உண்டு. ‘ப்ளூபிரிண்ட்’ என்று செய்தியில் வந்தால் திட்டம் என்று வாசித்துக்கொள்ளலாம். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறையில் படியெடுத்தால் நீலத் தாளில் வெள்ளைக் கோடாக வரைபடம் விழும், பெயர் அதனால். இன்று சைட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, டிராயிங் என்றே சொல்கிறோம். ‘ப்ளூ சிப்’ என்றால் பேர் பெற்ற, நம்பகமான பெரிய நிறுவனப் பங்கு. போக்கர் சூதாட்டத்தில் நீல வில்லைக்கு மதிப்பு அதிகம், அங்கிருந்து வந்தது. ‘ப்ளூ காலர்’ நாம்தான். அழுக்குத் தெரியாமல் இருக்கத் தொழிலாளிகள் நீலச் சட்டை போட்டதால் வந்த பெயர். சில தம்பிகள் அதைக் கேட்டு முகம் சுருங்குகிறார்கள். சுருங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இந்த ஊரின் ஒவ்வொரு சுவிட்சுக்குப் பின்னாலும் அந்தச் சட்டைக்காரர் ஒருவரின் கை இருக்கிறது.

‘அவுட் ஆஃப் த ப்ளூ’ என்பதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எதிர்பாராமல், திடுதிப்பென்று என்று பொருள். “இன்ஸ்பெக்ஷன் கேம் அவுட் ஆஃப் த ப்ளூ” என்று எங்கள் எஞ்சினியர் சொன்னபோது நீலச் சட்டைக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று வாசலைப் பார்த்தேன். இந்த ப்ளூ வானம். தெளிந்த நீலவானத்திலிருந்து இடி விழுவது போல என்பது முழு உவமை. மொட்டை மாடியில் வேலை பார்ப்பவர்கள் இதை உவமையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மழைமேகத்திலிருந்து 10, 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும். தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. தூரத்தில் இடிச்சத்தம் கேட்டாலே போதும், கம்பியையும் ஏணியையும் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். சூப்பர்வைசர் முகம் சுளித்தாலும் வாருங்கள். நான் சூப்பர்வைசர் ஆன பிறகு என் ஆட்களுக்கு முதல் நாளே சொல்வது இதைத்தான்.

‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்றால் அத்தி பூத்தாற்போல, எப்போதாவது ஒரு தடவை. ஒரே மாதத்தில் இரண்டு முழுநிலவு வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்கிறார்கள்; ஏறத்தாழ இரண்டரை வருஷத்துக்கு ஒன்று. 2023 ஆகஸ்டில் இங்கே 2ஆம் தேதியும் 31ஆம் தேதியும் முழுநிலவு. மகளுக்குக் காட்ட மாடிக்குக் கூட்டிப்போனேன். “நீலமாவே இல்லியேப்பா” என்று ஏமாந்துபோனாள். நிலா உண்மையாகவே நீலமாகத் தெரிந்த காலம் ஒன்று உண்டு, அதுவும் நமக்குப் பக்கத்தில்தான் என்று சொன்னேன். 1883இல் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரக்கட்டோவா எரிமலை வெடித்துத் தூசு வானமெங்கும் பரவியது. அந்தத் துகள்களின் அளவு சிவப்பு ஒளியைச் சிதறடித்துவிட, நிலா பல இடங்களில் நீலமாகவும் பச்சையாகவும் தெரிந்ததாம். அதைக் கேட்டதும் அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்றாள். இருந்தோம்.

போன மாதம் பழைய பட்டறை ஒன்றில் வேலை. புது நியூட்ரலும் பழைய ஃபேஸும் ஒரே பெட்டியில், இரண்டும் நீலம். அணைத்து, பூட்டி, மூன்று தடவை சோதித்து முடித்தபின் கதவின் உள்பக்கம் ஒட்ட ஒரு லேபிள் எழுதினேன். ‘இரண்டு நிறமுறை உள்ளது. டெஸ்ட் செய்யாமல் தொடாதே.’ ஆங்கிலத்தில் எங்கள் எஞ்சினியர் எழுதித் தந்தார். தமிழில் நான். என்னோடு இருந்த பங்களாதேஷ் தம்பி பேனாவை வாங்கித் தன் மொழியில் ஒரு வரி சேர்த்தார். சீன வரிக்குத்தான் ஆள் இல்லை. அந்த அங்கிள் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. வாட்சப்பில் கேட்டேன். பத்து நிமிஷத்தில் தாளில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்து ஒவ்வொரு கோடாக வரைந்து, லேபிளை ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.